சிறு சுகாதார நிலையமும் பெருந்தொற்றும்: ஓ.பி.யை நிறுத்தாமல் நடத்துவது எப்படி?

#1 கணக்குப்பிள்ளை

ஒரு மாதிரி நிலையத்தை வைத்துப் பேசுவோம். மூன்று அறை, ஒரு வராந்தா. ஒரு மருத்துவர், இரண்டு செவிலியர், ஒரு மருந்தாளுநர், ஒரு துப்புரவுப் பணியாளர், நான்கு களப்பணியாளர். நாளுக்கு 80 பேர் வருகிறார்கள். பெரும்பாலும் தினக்கூலிகள், வேறு மொழி பேசும் இடம்பெயர்ந்த தொழிலாளர்கள், தனியாக வாழும் முதியவர்கள். மூச்சுவழிப் பரவும் தொற்று ஆரம்பித்து இரண்டு வாரம் ஆகிறது. கையில் 2 பெரிய ஆக்சிஜன் சிலிண்டர், காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து நிமிடத்துக்கு 5 லிட்டர் தரும் ஒரு கான்சன்ட்ரேட்டர், விரலில் மாட்டி ரத்த ஆக்சிஜனை அளக்கும் 3 பல்ஸ் ஆக்சிமீட்டர். பெரிய மருத்துவமனை 40 கி.மீ. தள்ளி.

என் முதல் வரைவு: ஓ.பி.யை (புறநோயாளர் பிரிவை) நிறுத்து, இரண்டு அறையில் ஆறு படுக்கை போடு, ஆக்சிஜன் வார்டாக மாற்று. தப்பு எங்கே என்று கிழித்துத் தொங்கவிடுங்கள்.

#2 நாடித்துடிப்பு

ஆக்சிஜன் கணக்கிலேயே விழுந்துவிடுகிறது.

பெரிய சிலிண்டரின் நீர்க்கொள்ளளவு ஏறத்தாழ 47 லிட்டர். 150 பார் அழுத்தத்தில் நிரப்பினால் சுமார் 7,000 லிட்டர் வாயு. இரண்டுக்கும் சேர்த்து 14,000. ஆறு நோயாளியில் ஒருவரை கான்சன்ட்ரேட்டர் பார்த்துக்கொள்ளும். மீதி ஐந்து பேருக்கு ஆளுக்கு நிமிடத்துக்கு 5 லிட்டர் என்றால் மொத்தம் 25 லிட்டர். 14,000-ஐ 25-ஆல் வகுத்தால் 560 நிமிடம். காலை எட்டு மணிக்குத் திறந்தால் மாலை ஐந்தரைக்கு முன்பே முள் பூஜ்யத்தில் நிற்கும். அதற்குப் பிறகு ஆறு பேரை எங்கே கொண்டு போவீர்கள்? அதுவும் எல்லாருக்கும் 5 லிட்டர் போதும் என்ற நல்ல நினைப்பில் போட்ட கணக்கு. ஒருவருக்கு ரிசர்வாயர் மாஸ்க் (பை இணைந்த முகமூடி) போட வேண்டி வந்தாலே அவர் மட்டும் 10 முதல் 15 லிட்டர் இழுப்பார்.

அதே இரண்டு சிலிண்டர் ஒரே ஆளுக்கு 5 லிட்டரில் 46 மணி நேரம் வரும். ஆக, உங்கள் ஆக்சிஜன் வார்டுக்கானது இல்லை. ஆம்புலன்ஸ் வரும்வரை ஓரிருவரைத் தாங்கிப் பிடிப்பதற்கானது.

சூத்திரத்தைச் சுவரில் ஒட்டுங்கள்: அழுத்தமானியில் தெரியும் பார் × சிலிண்டரின் நீர்க்கொள்ளளவு ÷ நிமிடத்துக்கு ஓடும் லிட்டர் = மிச்சமிருக்கும் நிமிடம். அதில் பத்தில் ஒரு பங்கைக் கழித்தே நம்புங்கள்.

நேசல் பிராங்கில் (மூக்கில் செருகும் குழாயில்) 1 முதல் 5 லிட்டர். சாதா முகமூடி என்றால் 5-க்குக் கீழே வைக்கவே கூடாது. விட்ட மூச்சையே திரும்ப இழுப்பார். ரெகுலேட்டர் மாட்டும் முன் வால்வை ஒரு நொடி திறந்து மூடி, வால்வின் வாயில் இருக்கும் தூசியை ஊதித் தள்ளுங்கள். எண்ணெய், கிரீஸ், வாஸ்லின் எதுவும் பக்கத்தில் வரக்கூடாது. உயர் அழுத்த ஆக்சிஜனில் அவை தானாகவே தீப்பிடிக்கும். கையில் தேய்த்த ஆல்கஹால் முழுதாகக் காய்ந்த பிறகே வால்வைத் தொடுங்கள். சிலிண்டரைச் சங்கிலி போட்டுச் சுவரோடு கட்டுங்கள்.

கான்சன்ட்ரேட்டர் கெட்டுப்போவது பெரும்பாலும் வைக்கும் இடத்தால்தான். சுவரோடு ஒட்டி வைத்தால் சூடாகித் தடுமாறும், ஒரு அடியாவது தள்ளி வையுங்கள். பின்பக்க ஸ்பாஞ்ச் வடிகட்டியை வாரம் ஒருமுறை கழுவி, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். எக்ஸ்டென்ஷன் வயர் வேண்டாம். மின்சாரம் போன நொடியில் அது வெறும் பெட்டி. எனவே பக்கத்திலேயே சிலிண்டர் தயாராக இருக்க வேண்டும்.

#3 மருந்தறை

ஓ.பி.யை நிறுத்துவது பற்றி நான் சொல்கிறேன். தொற்று கொல்வதைவிட நிறுத்திய சேவை கொல்வது மெதுவாக, சத்தமில்லாமல் நடக்கும். 2019-இல் உலகம் முழுக்கப் புதிதாகக் கண்டறியப்பட்டுப் பதிவான காசநோயாளிகள் 71 லட்சம். 2020-இல் 58 லட்சம். நோய் குறையவில்லை, கண்டுபிடிப்பதுதான் குறைந்தது. அந்த வருடமே காசநோய் இறப்பு பத்தாண்டுகளுக்கு மேல் இல்லாதபடி ஏறியது. குழந்தைகளுக்கான முத்தடுப்பு ஊசியின் மூன்றாம் தவணை 2019-இல் 86 விழுக்காடு, 2021-இல் 81. 2014-இல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா வந்தபோதும் இதே கதைதான்: மையங்கள் மூடின, மலேரியாவுக்கும் பிரசவத்துக்கும் போக இடமில்லை.

ஆகவே நிறுத்தாதீர்கள், கூட்டத்தைக் குறையுங்கள். அதற்கு எளிய வழி பல மாத மருந்தை ஒரே தடவையில் கொடுப்பது. ஆனால் இதில் ஒரு குழி இருக்கிறது. ரத்த அழுத்த நோயாளிகள் 300 பேர் என்று வையுங்கள், மாதத் தேவை 300 பொதி. முதல் மாதமே எல்லாருக்கும் மூன்று மாதம் கொடுத்தால் 900 பொதி வேண்டும். கிட்டங்கி காலி, பாதிப் பேர் வெறுங்கையோடு திரும்புவார்கள்.

படிப்படியாகப் பிரியுங்கள். முதல் மாதம் 100 பேருக்கு மூன்று மாதம், 100 பேருக்கு இரண்டு மாதம், 100 பேருக்கு ஒரு மாதம். ஆக 600 பொதி. அடுத்த மாதம் ஒரு மாதம் வாங்கியவர்கள் மட்டும் வருவார்கள், அவர்களுக்கு மூன்று மாதம்: 300 பொதி. மூன்றாம் மாதம் இரண்டு மாதக்காரர்கள், மறுபடி 300. அதன் பின் என்றைக்கும் மாதம் 300-தான். கூடுதலாகத் தேவைப்பட்டது ஒரே ஒருமுறை 300 பொதி, வரிசையோ மூன்றில் ஒன்றாகக் குறைந்துவிட்டது. மூன்று மாதம் முதலில் யாருக்கு? கட்டுப்பாட்டில் இருக்கும் முதியவர்களுக்கும், தூரத்திலிருந்து வருபவர்களுக்கும்.

எல்லா மருந்துக்கும் இது பொருந்தாது. தற்கொலை எண்ணம் உள்ளவர் கையில் மூன்று மாத மனநல மருந்தைக் கொடுக்கக் கூடாது. இன்சுலின் கொடுத்தால் எங்கே வைப்பார் என்று கேளுங்கள். திறக்காத குப்பி 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும், பயன்பாட்டில் உள்ளது அறை வெப்பத்தில் சுமார் நான்கு வாரம் தாங்கும். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டுக்கு மாதம் ஒரு குப்பி, ஈர மண்பானைக்குள் வைக்கச் சொல்லி. வலிப்பு மருந்து மட்டும் ஒரு நாள்கூட அறுந்துவிடக் கூடாது. அந்த நோயாளிகள் பெயரைத் தனித்தாளில் எழுதி, தேதிக்கு மூன்று நாள் முன்பே களப்பணியாளரிடம் கொடுத்துவிடுங்கள்.

#4 தென்றல்

இனி கட்டடம். கிருமிநாசினியில் செலவிடும் கவனத்தில் பாதியை ஜன்னலில் செலவிட்டால் போதும்.

வாசலிலேயே பிரியுங்கள். கட்டடத்துக்குள் நுழைந்த பிறகு பிரித்தால் அது பிரிப்பே இல்லை. வராந்தாவுக்கு வெளியே ஒரு மேசை, ஒருவர், மூன்று கேள்வி: காய்ச்சலா, இருமலா, மூச்சு வாங்குகிறதா? ஒன்றுக்கு ஆம் என்றாலும் கையில் முகமூடி, வலப்பக்க வழி. இல்லை என்றால் இடப்பக்கம். இரண்டு வழியும் மருந்து வாங்கும் இடத்தில் மறுபடி சந்திக்கும், பலர் கோட்டை விடுவது இங்கேதான். காய்ச்சல்காரர்களுக்கு மருந்தை அவர்கள் உட்கார்ந்த இடத்துக்கே கொண்டுபோய்க் கொடுங்கள்.

அறையில் காற்று மாறும் வேகத்தைத் தோராயமாகக் கணக்கிடலாம். 0.65 × காற்றின் வேகம் (நொடிக்கு மீட்டர்) × எதிரெதிர்த் திறப்புகளில் சிறியதன் பரப்பு (சதுர மீட்டர்) × 3,600 ÷ அறையின் கன அளவு. 4 மீட்டர் நீளம், 3 அகலம், 3 உயரம் என்றால் 36 கன மீட்டர். ஒருபக்கம் 1 சதுர மீட்டர் ஜன்னல், எதிர்ப்பக்கம் திறந்த கதவு, காற்று நொடிக்கு அரை மீட்டர்: மணிக்கு 32 முறை காற்று முழுதாக மாறும். அந்தக் கதவை மூடினால் குறுக்கோட்டமே போயிற்று, இந்தச் சூத்திரமும் உதவாது.

மணிக்கு 12 முறை மாறும் அறையில் காற்றில் மிதப்பதில் 99 விழுக்காடு வெளியேற 23 நிமிடம் ஆகும். 6 முறை மாறும் அறையில் 46 நிமிடம். சளி மாதிரி எடுத்த அறைக்குள் அடுத்தவரை உடனே கூப்பிடக் கூடாது என்பதற்கு இதுதான் காரணம். அதைவிட, மாதிரியை வெளியே மர நிழலில் எடுத்துவிடுங்கள்.

சீலிங் ஃபேன் காற்றைக் கலக்குமே தவிர மாற்றாது. மேசை விசிறி ஒன்றை ஜன்னல் பக்கம் திருப்பி, வெளியே தள்ளுமாறு வைத்தால் நிஜமான பயன் உண்டு. மருத்துவர் எங்கே உட்கார வேண்டும்? சுத்தமான காற்று முதலில் அவரைத் தொட்டு, பிறகு நோயாளியைத் தொட்டு, வெளியேற வேண்டும். ஊதுபத்தி ஒன்றைப் பற்றவைத்துப் பாருங்கள், புகை எந்தப் பக்கம் போகிறதோ அங்கே நோயாளி நாற்காலி.

#5 கணக்குப்பிள்ளை

வார்டு யோசனையைக் கைவிட்டுவிட்டேன். இரண்டு சந்தேகம். மழையில் ஜன்னலைச் சாத்த வேண்டி வந்தால்? அப்புறம், யாராவது நன்கொடையாகக் கிருமிநாசினி தெளிக்கும் சுரங்கப்பாதை தருகிறோம் என்று வந்தால்?

#6 தென்றல்

மழையில் காத்திருப்பு முழுக்க வராந்தாவில், உள்ளே ஒரு நேரத்தில் ஒருவர். ஜன்னலை முழுக்கச் சாத்தாதீர்கள், ஒரு சாண் திறப்பு எதுவுமே இல்லாததைவிடப் பல மடங்கு மேல். கார்பன் டை ஆக்சைடு மீட்டர் ஒன்று வாங்க முடிந்தால் 800 பிபிஎம் தாண்டும்போது ஆளைக் குறைக்க வேண்டும் என்று அர்த்தம்.

சுரங்கப்பாதையை மரியாதையாக மறுத்துவிடுங்கள். மனிதர்கள் மேல் கிருமிநாசினி தெளிப்பதை உலக சுகாதார நிறுவனம் 2020 மே மாதமே எந்தச் சூழலிலும் வேண்டாம் என்றது. கண்ணையும் நுரையீரலையும் எரிக்கும், மூச்சில் இருக்கும் கிருமியை ஒன்றும் செய்யாது. அதே பணத்துக்குத் திண்ணையும் கூரையும் போட்டுத் தரச் சொல்லுங்கள்.

#7 வாளி

சுத்தம் பற்றி யாரும் எழுதலயே. நான் சொல்றேன். பிளீச்சிங் பவுடர் லிட்டருக்கு 15 கிராம் போட்டுக் கலக்கி தரை, மேசை, கைப்பிடி எல்லாத்தையும் ரெண்டு வேளை துடைக்கணும். கலக்கின தண்ணிய அன்னைக்கே தீர்த்துடணும், ராத்திரி வெச்சிருந்தா மறுநாள் வெறும் தண்ணிதான். முதல்ல சோப்புத் தண்ணி, அப்புறந்தான் பிளீச். அழுக்கு மேல ஊத்தினா குளோரின் அழுக்கோட சண்டை போட்டே செத்துடும்.

#8 மருந்தறை

வாளி அண்ணே, வரிசை சரி, அளவு மட்டும் கூடுதல். 35 விழுக்காடு குளோரின் உள்ள பவுடரில் லிட்டருக்கு 14 கிராம் என்பது 0.5 விழுக்காட்டுக் கரைசல். அது ரத்தம், வாந்தி சிந்திய இடத்துக்கு. மேசைக்கும் கைப்பிடிக்கும் 0.1 விழுக்காடு போதும், அதாவது லிட்டருக்கு 3 கிராம். தினமும் ஐந்து மடங்கு போட்டால் கட்டில் கம்பி துருப்பிடிக்கும், துடைப்பவருக்கு இருமல் வரும், பிறகு அவர் துடைக்கவே தயங்குவார். திரவ பிளீச் 5 விழுக்காடு என்றால் ஒரு பங்குக்கு 49 பங்கு தண்ணீர். சிந்திய இடத்துக்கு ஒன்றுக்கு 9. ஆசிட் கழுவியோடு மட்டும் கலந்துவிடாதீர்கள், குளோரின் வாயு வரும்.

கைத்தேய்ப்பு கடையில் கிடைக்காதபோது உலக சுகாதார நிறுவனத்தின் வாய்பாடு உதவும். 10 லிட்டருக்கு: 96 விழுக்காடு எத்தனால் 8,333 மி.லி., 3 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடு 417 மி.லி., 98 விழுக்காடு கிளிசரால் 145 மி.லி., மீதி காய்ச்சி ஆறவைத்த தண்ணீர். கலந்த பிறகு 72 மணி நேரம் மூடி வையுங்கள். பெராக்சைடு அங்கே இருப்பது கைக்காக இல்லை, பாட்டிலிலும் ஆல்கஹாலிலும் இருக்கக்கூடிய ஸ்போர்களைக் கொல்ல. அடுப்பு, புகை எதுவும் அந்த அறைப்பக்கம் வேண்டாம்.

#9 வாளி

சரிதாம்மா. 3 கிராம்னு சுவத்துல எழுதி ஒட்டிடறேன். ஒரு டீஸ்பூன் எவ்வளவு நிக்குதுன்னு ஒருதரம் தராசுல போட்டுப் பாத்துட்டா தினம் எடை போட வேணாம்.

#10 நாடித்துடிப்பு

ஆக்சிமீட்டரைப் பற்றி. 2020-இல் கோவிட்டில் திரும்பத் திரும்பக் கண்டது: ரத்தத்தில் ஆக்சிஜன் செறிவு 80-களில் இருக்கும், ஆள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார். "மூச்சு வாங்குதா" என்று கேட்டு மட்டும் பிரித்தால் இவர்களைத் தவற விடுவோம். காய்ச்சல் வழியில் வரும் ஒவ்வொருவருக்கும் விரலில் மாட்டுங்கள்.

மாட்டுவதிலும் முறை உண்டு. நகப்பூச்சை அழிக்க வேண்டும். குளிர்ந்த விரலைத் தேய்த்துச் சூடாக்குங்கள், இல்லாவிட்டால் குறைவாகவோ எதுவுமே காட்டாமலோ இருக்கும். கையை மடியில் வைத்து அசையாமல் ஒரு நிமிடம். திரையில் தெரியும் நாடியும் மணிக்கட்டில் நீங்கள் எண்ணும் நாடியும் ஒத்துப்போகாவிட்டால் செறிவு எண்ணையும் நம்பாதீர்கள்.

இன்னொன்று, நம் மாதிரித் தோல்நிறம் உள்ளவர்களுக்கு முக்கியம். 2020 டிசம்பரில் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்று, கருவி 92 முதல் 96 என்று காட்டும்போதே ரத்தத்தில் உண்மையான செறிவு 88-க்குக் கீழே இருப்பது கறுப்பின நோயாளிகளில் 11.7 விழுக்காடு, வெள்ளையரில் 3.6 விழுக்காடு என்று கண்டது. கருவி கூட்டிக் காட்டுகிறது. எனவே 93 என்பதை "பரவாயில்லை" என்று வாசிக்காதீர்கள். நேற்றைய எண்ணோடு ஒப்பிடுங்கள். நாற்காலியிலிருந்து ஒரு நிமிடம் எழுந்து எழுந்து உட்காரச் சொல்லி மறுபடி பாருங்கள். 3 புள்ளி இறங்கினால் கவலைப்பட வேண்டியவர். உட்கார்ந்த நிலையிலேயே தடுமாறுபவரிடம் இதைச் செய்யாதீர்கள்.

மூச்சை முழு நிமிடம் எண்ணுங்கள். 15 நொடி எண்ணி நான்கால் பெருக்கினால் ஒரு மூச்சுத் தவறு நான்காகப் பெருகும். பெரியவருக்கு 30-ஐத் தாண்டினாலோ, செறிவு 90-க்குக் கீழே போனாலோ ஆக்சிஜன் போட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். 90-க்கும் 94-க்கும் இடையே மருத்துவர் கண்ணால் பார்க்க வேண்டும். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு உள்ளவருக்கு இலக்கு 88 முதல் 92, அவருக்கு 98 வரை ஏற்றினால் கார்பன் டை ஆக்சைடு தேங்கித் தூங்கிவிடுவார். கர்ப்பிணிக்கு 92-க்குக் கீழே விடக்கூடாது.

மருந்துத் திணிப்பும் தீங்குதான். 2020 ஜூனில் பிரிட்டனின் ரெக்கவரி என்ற கோவிட் ஆய்வு, டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு தினம் 6 மி.கி., அதிகம் 10 நாள், ஆக்சிஜன் தேவைப்பட்டவர்களின் இறப்பை ஐந்தில் ஒரு பங்கும் வென்டிலேட்டரில் இருந்தவர்களுடையதை மூன்றில் ஒரு பங்கும் குறைப்பதைக் காட்டியது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பலனில்லை. ஆனாலும் முதல் நாள் காய்ச்சலுக்கே ஸ்டீராய்டு கொடுத்தது எத்தனை இடம்! சர்க்கரை நோயாளிக்கு அது நேரடிக் கேடு.

#11 தெருமுனை

எல்லாரும் நிலையத்துக்கு வருபவர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். வராதவர்கள் ஏன் வரவில்லை என்று கேட்காமல் இது முடியாது.

முதல் காரணம் அடையாள அட்டை. வாசல் மேசையில் "கார்டு இருக்கா" என்று கேட்டால், ஆவணமில்லாதவர் திரும்பிப் போவார், அடுத்த நாள் அவர் அறையில் இருக்கும் எட்டுப் பேரும் வரமாட்டார்கள். பதிவுக்குப் பெயர், வயது, ஒரு தொடர்பு வழி போதும். தொலைபேசி இல்லாதவருக்கு "யார் மூலம் உங்களைக் கண்டுபிடிக்கலாம்" என்று கேளுங்கள்: மேஸ்திரி, டீக்கடை, கோயில், மசூதி, எதுவானாலும். காவல்துறையோ முதலாளியோ இந்தப் பட்டியலைப் பார்க்க முடியாது என்பதை வாயால் சொல்லுங்கள், சொன்னபடி நடந்தும் காட்டுங்கள்.

இரண்டாவது நேரம். தினக்கூலிக்குக் காலை ஓ.பி. என்றால் ஒருநாள் கூலி போச்சு. வாரம் இரண்டு நாள் மாலை 6 முதல் 9 வரை திறந்தாலே முகங்கள் மாறும்.

மூன்றாவது மொழி. குழந்தையை மொழிபெயர்ப்பாளராக வைக்காதீர்கள். அம்மாவின் ரத்தப்போக்கைப் பத்து வயதுப் பையன் எப்படிச் சொல்வான்? பாதியை விழுங்கிவிடுவான். அந்த மொழி பேசும் இருவரைத் தொலைபேசியில் பிடித்து வைத்து, கூலி கொடுத்து, மூன்று கேள்விகளை அவர்கள் குரலிலேயே பதிவு செய்து மேசையில் ஓடவிடலாம்.

நான்காவதுதான் பெரிது: தனிமைப்படுத்தல். ஒரே அறையில் ஏழு பேர் இருக்கும் வீட்டில் "தனி அறையில் இருங்கள்" என்பது வசைச்சொல் மாதிரி. செய்யக்கூடியது: நோயாளி ஜன்னலோரம், தலைமாடு கால்மாடாகப் படுக்கை, அறைக்குள் எல்லாருக்கும் முகமூடி, பகலில் முடிந்தவரை வாசலில், சமைப்பது வேறொருவர். அதுவும் முடியாவிட்டால் பள்ளிக்கூடம், சமுதாயக்கூடம் மாதிரி இடத்தில் படுக்கை. அங்கே போகவும் மாட்டார்கள், வீட்டில் அடுப்பு எரிய வழியில்லை என்றால். பத்து நாள் இருக்கச் சொன்னால் பத்து நாள் அரிசி பருப்பும் கூடப் போக வேண்டும். இது புதிய ஞானம் இல்லை. 1960-களில் அமெரிக்காவின் மிசிசிப்பி டெல்டாவில் ஜாக் கைகர் நடத்திய சமுதாய சுகாதார நிலையத்தில் ஊட்டக்குறைக்கு உணவையே மருந்துச்சீட்டில் எழுதி, செலவை மருந்தகக் கணக்கில் போட்டார்கள். அதற்கும் முன்பே, 1940-இல் தென்னாப்பிரிக்காவின் போலேலாவில் சிட்னி கார்க், எமிலி கார்க் இருவரும் காய்கறித் தோட்டத்தையும் சுகாதார நிலைய வேலையில் சேர்த்திருந்தார்கள்.

#12 மருந்தறை

தெருமுனை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வீட்டில் இருப்பவர்களைத் தொலைபேசியிலேயே பார்த்துவிடலாமே? களப்பணியாளர் நாலு பேரை எத்தனை வீட்டுக்கு அனுப்புவது?

#13 தெருமுனை

தொலைபேசி உதவும், யாருக்கு என்பதில்தான் சண்டை. வீடியோவை மறந்துவிடுங்கள், டேட்டா தீர்ந்துவிடும். சாதா அழைப்பு போதும். ஆனால் வீட்டில் ஒரே போன், அது கணவர் கையில். "தனியாகப் பேச முடியுமா" என்று முதலில் கேளுங்கள். முடியாது என்றால் ஆம், இல்லை என்ற பதில் மட்டும் வரும்படி கேள்வியைத் திருப்பிப் போடுங்கள். பேசும்போது ஒரே மூச்சில் ஒன்றிலிருந்து எண்ணச் சொல்லி மூச்சுத் திணறலை அளப்பதெல்லாம் நம்பத்தக்க வழி இல்லை. எண் வேண்டுமென்றால் விரலில் கருவி வேண்டும்.

அதனால் ஆக்சிமீட்டரை இரவல் கொடுங்கள். 60 வயதுக்கு மேற்பட்டவர், சர்க்கரை, இதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர், கர்ப்பிணி. நாளுக்கு மூன்று தடவை பார்க்கச் சொல்லுங்கள். கோவிட்டில் மோசமானவர்கள் பெரும்பாலும் ஐந்தாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையில்தான் சரிந்தார்கள். களப்பணியாளரின் நேரடி நடையை அந்த நாட்களுக்கு ஒதுக்குங்கள். படிக்கத் தெரியாதவருக்கு எண் வேண்டாம். 94-ம் அதற்கு மேலும் பச்சை, 90 முதல் 93 மஞ்சள், அதற்குக் கீழே சிவப்பு என்று அட்டையில் அந்த எண் வடிவங்களையே வண்ணமடித்துக் கொடுங்கள், திரையோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வார்.

#14 குளிர்பெட்டி

தடுப்பூசி வரும்போது என்ன கெடும் என்று சொல்லிவிடுகிறேன். வெயிலில் கெடுவதை எல்லாரும் பயப்படுகிறார்கள். உறைந்து கெடுவதை யாரும் பார்ப்பதில்லை. ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை நேரே கேரியரில் வைத்தால் பக்கத்துக் குப்பி பூஜ்யத்துக்குக் கீழே போகும். பேக்கை மேசையில் வைத்து, காதோரம் குலுக்கினால் உள்ளே தண்ணீர் சலசலக்கும்வரை காத்திருங்கள். அலுமினியம் சேர்ந்த ஊசி என்றால் குலுக்கல் சோதனை: வேண்டுமென்றே உறையவைத்து உருக்கிய குப்பியையும் சந்தேகக் குப்பியையும் குலுக்கி வைத்து, எது வேகமாகப் படிகிறது என்று பார்ப்பது. எம்ஆர்என்ஏ (ஃபைசரின் கோவிட் ஊசி போன்ற) ஊசிக்கு இந்தச் சோதனை செல்லாது.

வீட்டு ஃபிரிட்ஜ்தான் இருக்கிறது என்றால் கதவுத் தட்டில் எதையும் வைக்காதீர்கள். கீழ்த்தட்டில் தண்ணீர் பாட்டில்களை அடுக்குங்கள், மின்சாரம் போனால் அதுதான் குளிரைப் பிடித்து வைக்கும். காலை, மாலை இரண்டு தடவை வெப்பநிலை எழுதுங்கள், விடுமுறை நாளிலும்.

திறந்த பல தவணைக் குப்பி பெரும்பாலும் 6 மணி நேரம். திறந்த நேரத்தைக் குப்பியின் மேலேயே பேனாவால் எழுதுங்கள். 10 தவணைக் குப்பி, வந்தவர்கள் 23 பேர் என்றால் மூன்றாவதில் 7 தவணை போகும். அதற்காக மூன்று பேரைத் திருப்பி அனுப்பாதீர்கள், ஒருமுறை திரும்பிய தினக்கூலி மறுபடி வரமாட்டார். அரைமணி நேரத்தில் நடந்து வரக்கூடிய 15 பேரின் மாற்றுப் பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு குப்பியின் மிச்சத்தைச் சேர்த்து ஒரு தவணை ஆக்காதீர்கள். சிரிஞ்சும் கணக்கில் சேரும்: ஃபைசர் குப்பியில் முதலில் ஐந்து தவணை என்றுதான் இருந்தது, முனையில் மருந்து தங்காத சிரிஞ்சால் ஆறாவதும் கிடைக்கும் என்பதால் 2021 ஜனவரியில் ஐரோப்பிய மருந்து முகமை ஆறு என்று திருத்தியது. ஊசிக் கழிவுக்கு 5 லிட்டர் பெட்டி சுமார் 100 சிரிஞ்சு கொள்ளும். முக்கால் நிரம்பியதும் மூடிவிட வேண்டும், அமுக்கிச் செருகும்போதுதான் விரலில் குத்தும்.

#15 நாடித்துடிப்பு

விரைவுச் சோதனை அட்டை பற்றி ஒரு வரி, ஏனென்றால் வந்தவுடன் எல்லாரையும் சோதிக்க ஆசை வரும். நோயுள்ளவரில் 80 விழுக்காட்டைப் பிடிக்கும், இல்லாதவரில் 97 விழுக்காட்டைச் சரியாக விடும் அட்டை என்று வையுங்கள். அறிகுறி இல்லாத 1,000 பேரில் 10 பேருக்குத்தான் நோய் என்றால் உண்மையான பாசிட்டிவ் 8, பொய்யானது சுமார் 30. பாசிட்டிவ் வந்தவர்களில் ஐந்தில் நாலு பேரை வீணாகக் கூலியிழக்கச் செய்கிறீர்கள். அறிகுறி தொடங்கி ஐந்து முதல் ஏழு நாளுக்குள் இருப்பவரைச் சோதியுங்கள். உற்பத்தியாளர் சொன்ன நிமிடம் தாண்டி அட்டையை வாசிக்காதீர்கள், பிறகு தோன்றும் மங்கல் கோடு பொய்.

#16 தென்றல்

பணியாளர் பற்றி: இரண்டு அணி, ஒன்றை ஒன்று சந்திக்காமல். ஒருவருக்கு வந்தால் ஓர் அணியோடு நிற்கும். நோயாளியிடமிருந்து தொற்றும் என்று எல்லாரும் பயப்படுகிறார்கள், முகமூடியைக் கழற்றிவிட்டு நாலு பேர் சின்ன அறையில் டீ குடிக்கும்போதுதான் பரவும். டீ வெளியே. என்95-ஐ ஆல்கஹாலில் நனைக்காதீர்கள், வடிகட்டும் இழையின் நிலைமின்சாரம் போய்விடும், பார்க்கப் புதிதுபோலவே இருக்கும். பற்றாக்குறை என்றால் ஆளுக்கு ஐந்து, ஒவ்வொன்றும் தனிக் காகிதப் பையில், தேதி எழுதி, சுழற்சியில். தாடி இருந்தால் ஓரம் ஒட்டாது.

#17 கணக்குப்பிள்ளை

திருத்திய வரைவு: வார்டு இல்லை. வாசலில் மேசை, இரு வழி. ஓ.பி. தொடரும், மருந்து 3-2-1 மாதமாகப் பிரியும். சிலிண்டர் இரண்டும் ஆம்புலன்ஸ் வரும்வரை மட்டும். ஆக்சிமீட்டர் 3 போதாது, இரவலுக்கு 20, நிலையத்துக்கு 4 என்று கேட்கப் போகிறேன். மாலை ஓ.பி. வாரம் இரண்டு நாள். அரிசிக்குப் பணம் எந்தத் தலைப்பில் கேட்பது என்று மட்டும் தெரியவில்லை.

#18 தெருமுனை

"தனிமைப்படுத்தல் செலவு" என்று எழுதுங்கள், படுக்கைக் கட்டணத்துக்குப் பக்கத்திலேயே. ஒருவரை மருத்துவமனையில் ஒருநாள் வைத்திருக்கும் செலவையும் பத்து நாள் அரிசிக்கான செலவையும் பக்கத்துப் பக்கத்து வரியில் போடுங்கள். கையெழுத்துப் போடுபவர் தானாகவே பார்த்துக்கொள்வார்.

#19 மருந்தறை

24 ஆக்சிமீட்டர் என்றால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஏஏஏ பேட்டரி, மாற்றுக்கும் சேர்த்து 96. பலர் கருவியை மட்டும் கேட்டுவிட்டு இதை மறப்பார்கள். இரவல் திரும்பி வந்ததும் ஆல்கஹால் பஞ்சால் உள்பக்கம் துடையுங்கள், தண்ணீரில் முக்க வேண்டாம். கொடுக்காமல் அலமாரியில் வைப்பதாக இருந்தால் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். உள்ளே கசிந்தால் கருவியே போயிற்று.